அந்த ஆள் சோற்றுக்கு என்ன செய்கிறான்?

“சமீபத்தில் என்னென்ன நாவல்கள் படித்தீர்கள்? விமர்சகர் மாதிரி எழுத வேண்டாம். துப்பறியும் கதை, சரித்திரக் கதை, குடும்பக் கதை எதுவானாலும் சரி, உங்களுக்கு எப்படி இருந்தது என்று மட்டும் சொல்லுங்கள்” என்று கேட்டிருக்கிறீர்கள்.

சொல்கிறேன். அதற்கு முன் ஒரு சின்ன விஷயம். போன ஆடி வரைக்கும் என்னால் எதையும் படிக்க முடியாமல் இருந்தது. இரண்டு கண்ணிலும் புரை. முதலில் வலது கண், அப்புறம் ஆறு வாரம் கழித்து இடது கண் என்று அறுவை செய்துகொண்டேன். பாரம் தூக்காதே, குனியாதே, தூசியில் போகாதே என்று ஏகப்பட்ட கட்டளைகள். எல்லாக் கெடுவும் முடிந்து புதுக் கண்ணாடி போட்டுப் பேப்பரைப் பிரித்தபோது, எழுத்து இவ்வளவு கறுப்பாகவா இருக்கும் என்று தோன்றியது. நாலு வருடப் பட்டினி. கிடைத்ததை எல்லாம் படித்தேன். பத்து நாவல்கள் முடிந்து பதினொன்றாவது பாதியில் நிற்கிறது. புதிதாக வந்தவை என்று நினைத்துவிடாதீர்கள். முக்கால்வாசி பழையவை, எனக்குத்தான் புதுசு.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நான் முப்பத்திரண்டு வருடம் மதுரையில் ஒரு இரும்புக் கடையில் கணக்கு எழுதியவன். சிட்டை, பேரேடு, வருடக் கடைசியில் ஐந்தொகை. அந்தப் புத்தி போகவில்லை. நாவலில் ஒரு ஆள் வந்தால் நான் முதலில் பார்ப்பது, இவன் சோற்றுக்கு என்ன செய்கிறான் என்பதை. காதலிக்கட்டும், கொலை செய்யட்டும், நாட்டைப் பிடிக்கட்டும், ஆட்சேபணை இல்லை. மாதம் முதல் தேதி யார் கையில் காசு வருகிறது, எப்படி வருகிறது என்று தெரியாவிட்டால் அந்த ஆளை எனக்கு நம்ப வராது. இது நியாயமான அளவுகோலா என்று கேட்டால் இல்லைதான். மோகமுள்ளையும் மரப்பசுவையும் இந்தத் தராசில் வைத்தால் ஜானகிராமன் ரசிகர்கள் என்னை அடிக்க வருவார்கள். ஆனால் என் சொந்தக் கருத்தைத்தானே கேட்டீர்கள்.

அதனால் ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யில் இருந்து ஆரம்பிக்கிறேன். 1972-ல் வந்த புத்தகம். சிங்காரம் சிங்கம்புணரிக்காரர், சின்ன வயதிலேயே இந்தோனேசியாவில் மெடானுக்கு வேலைக்குப் போய், யுத்தம் முடிந்த பிறகு ஊர் திரும்பி, மதுரையில் ‘தினத்தந்தி’யில் வேலை பார்த்தவர். எழுதியது மொத்தம் இரண்டே நாவல். இதை எழுதி முடித்துப் பத்து வருடம் போல ஆனது அச்சில் வர. நான் கணக்கு எழுதிய அதே ஊரில் அதே வருடங்களில் அவரும் நடமாடியிருக்கிறார். எத்தனை தடவை ஒரே டீக்கடையில் நின்றிருப்போமோ. எனக்குத் தெரியாமலே போயிற்று.

இந்த நாவலை எல்லோரும் யுத்த நாவல் என்கிறார்கள், கடல் நாவல் என்கிறார்கள், நேதாஜி படையைப் பற்றித் தமிழில் வந்த பெரிய நாவல் என்கிறார்கள். எல்லாம் உண்மை. ஆனால் எனக்கு அதில் முதலில் தட்டுப்பட்டது வட்டிக்கடை. செட்டியார் கடைகளில் மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று ஒரு வரிசை உண்டு. ஊரில் இருந்து பையனாகக் கப்பல் ஏறுகிறவன் பெட்டியடியில் உட்கார்ந்து மெல்ல மெல்ல மேலே வர வேண்டும். சம்பளத்துக்கு இத்தனை வருடம் என்று பேசி அனுப்புவார்கள், கணக்கு முடிந்தால்தான் ஊர். இந்த உலகத்தைச் சிங்காரம் வெளியில் நின்று விவரிக்கவில்லை. அந்தப் பையன்கள் ராத்திரி கடையை எடுத்துவைத்த பிறகு என்ன பேசுவார்கள், எதற்குச் சிரிப்பார்கள், யாரைப் பற்றி வம்பு அளப்பார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். கதாநாயகன் பாண்டியன் பிற்பாடு துப்பாக்கி தூக்குகிறான், ஆளைக் கொல்கிறான், சரித்திரத்துக்குள் போய் விழுகிறான். அதையெல்லாம் நான் நம்பியதற்குக் காரணம், அவன் முதலில் ஒரு கடைப் பையன் என்பதை அவர் எனக்குக் காட்டிவிட்டதுதான். கணக்கு எழுதத் தெரிந்தவன்தான் அத்தனை நிதானமாகத் திட்டம் போட முடியும். பாண்டியனின் வீரத்தில் பாதி அந்த நிதானம்தான்.

தொங்கானில் கடல் கடக்கிற பகுதி இருக்கிறது. தொங்கான் என்றால் சீனர்களின் பாய்மரச் சரக்குப் படகு. அதில் புயலில் மாட்டிக்கொள்கிறார்கள். அந்தப் பக்கங்களை நான் ராத்திரி பத்தரை மணிக்கு ஆரம்பித்து, கண்ணுக்குச் சொட்டு மருந்து விடும் நேரத்தையும் மறந்து படித்தேன். வாக்கியங்கள் அலையோடு சேர்ந்து உடைகின்றன. அதேபோல மது போதையில் பாண்டியன் மதுரைத் தெருக்களை நினைத்துப் பிதற்றுகிற பக்கங்கள். சிலப்பதிகாரமும் தெருப்பேச்சும் மலாய்ச் சொல்லும் ஒன்றாகக் கலந்து வரும். தமிழனின் பழம்பெருமைப் பேச்சை இவ்வளவு கிண்டலாகவும், அதே சமயம் இவ்வளவு ஆசையாகவும் எழுதிய வேறு ஆளை நான் படித்ததில்லை.

குறை சொல்லாமல் விட முடியாது. பெண்கள் யாரும் ஆளாக நிற்கவில்லை. ஊரில் விட்டுவந்த தாய், விலைமாதர், நினைவில் வந்து போகிறவர்கள், அவ்வளவுதான். நடுவில் பினாங்கில் நண்பர்கள் கூடிப் பேசிக்கொண்டே இருக்கும் இடம் ஒன்று வரும். சிலருக்கு அதுதான் நாவலின் உச்சம். எனக்கு முதல் பத்துப் பக்கம் சிரிப்பாகவும் அடுத்தது கொஞ்சம் நீளமாகவும் இருந்தது. மலாய், டச்சுப் பெயர்கள் வரும்போது மிரளாதீர்கள். முதல் முப்பது பக்கத்தைத் தாண்டினால் பழகிவிடும்.

அடுத்து ‘காவல் கோட்டம்’. சு. வெங்கடேசன் எழுதி 2008-ல் வந்தது, 2011-க்கான சாகித்ய அகாதெமி விருது பெற்றது. ஆயிரம் பக்கத்துக்கு மேல். பாரம் தூக்காதே என்று சொன்ன மருத்துவரை நினைத்துக்கொண்டு, எங்கள் தாத்தா ராமாயணம் படித்த சிக்குப்பலகையைப் பரணில் இருந்து இறக்கி அதில் விரித்துத்தான் படித்தேன். பாதி மதுரை எனக்குப் பிடிபட்டது இந்தப் புத்தகத்தில்தான் என்று சொன்னால் வெட்கம். மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி வழியாகத்தான் முப்பது வருடம் கடைக்கு நடந்தேன். மாரட் வீதியில்தான் டீ. கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்க்கிறவர்களுக்கே அந்த இடம் என்று 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் ஏற்பாடு செய்தபோது, வேலையை முன்னின்று நடத்தியவர்களின் பெயர்தான் அந்த வீதிகளுக்கு. வெளி வீதி என்றால் சுவருக்கு வெளியே இருந்த வீதி. தினமும் நான் ஒரு கோட்டையைக் கடந்து போயிருக்கிறேன், எனக்குத் தெரியாமலே. நாவலில் அந்தச் சுவர் இடிகிற இடத்தைப் படித்த மறுநாள் காலை பஸ் ஏறிப்போய் அங்கே சும்மா நின்றுவிட்டு வந்தேன். என்ன பார்த்தேன் என்று கேட்காதீர்கள். நகைக்கடைப் பலகைகளும் வண்டி நெரிசலும்தான்.

இந்த நாவலில் வேலை என்றால் களவும் காவலும். களவாடுகிறவனே காவல்காரன், காவல் கூலி கொடுக்காவிட்டால் களவு. மாடு காணாமல் போனால் துப்புக்கூலி கொடுத்து மீட்க வேண்டும். சுவரில் கன்னம் வைத்து உள்ளே நுழைவது எப்படி, எந்த இருட்டில் போவது, எந்த நாய்க்கு என்ன வழி என்று ஒரு கைத்தொழிலைச் சொல்வது போலச் சொல்லப்படுகிறது. அந்தப் பகுதிகளில் எனக்குப் பக்கம் புரண்டதே தெரியவில்லை. ஆனால் முன்பாதி, விஜயநகரப் படை வந்ததில் தொடங்கி நாயக்கர் காலம் வரை, எனக்கு ஒரு நல்ல மாணவனின் குறிப்பேடு மாதிரி இருந்தது. ராஜாக்கள் வருகிறார்கள், சண்டை போடுகிறார்கள், போகிறார்கள். யார் வீட்டில் அடுப்பு எரிந்தது என்று தெரியவில்லை. களவும் காவலும் செய்கிறவர்களின் ஊரான தாதனூர் வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. நீங்கள் படிப்பதானால் முன்பாதியில் சோர்ந்து மூடிவிட வேண்டாம். வேண்டுமானால் தாதனூரில் தொடங்கிப் பிறகு முன்னுக்கு வாருங்கள். ஆசிரியருக்குக் கோபம் வரலாம், பரவாயில்லை.

சரித்திரத்தோடு இன்னொன்றையும் முடித்துவிடுகிறேன். ஜெயமோகனின் ‘வெள்ளை யானை’, 2013. 1876-ல் தொடங்கிய தாது வருடப் பஞ்சத்தின் காலம், சென்னை ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவில் உறைந்த ஏரியை அறுத்துக் கப்பலில் ஏற்றி மரத்தூளில் புதைத்துக் கொண்டுவந்த பனிக்கட்டி, மெரினாவில் இறங்கி, வெள்ளைக்காரர்களின் கோப்பைக்குப் போனது. இன்று அதே கட்டடம் விவேகானந்தர் இல்லம். பஸ் நிறுத்தத்தின் பெயர் மட்டும் இன்னமும் ஐஸ் ஹவுஸ். அந்தப் பனிக்கட்டியைக் கையாலும் வெறுங்காலாலும் கையாண்ட தலித் தொழிலாளிகளைப் பற்றிய நாவல் இது. ஒரு பக்கம் சனம் சோறில்லாமல் சாலையோரம் செத்துக் கிடக்கிறது, இன்னொரு பக்கம் உலகத்தின் மறுகோடியில் இருந்து வந்த ஐஸ் உருகாமல் பாதுகாக்கப்படுகிறது. இந்த ஒரு எண்ணத்துக்காகவே புத்தகத்தைக் கும்பிடலாம். செங்கல்பட்டுப் பக்கம் பஞ்சம் பார்க்கப் போகிற பகுதியைப் படித்த அன்று நான் ராத்திரிச் சாப்பாட்டைத் தள்ளிவைத்தேன். மருமகள் உடம்பு சரியில்லையா மாமா என்று வந்து கேட்டாள்.

எனக்கு ஒத்துவராதது அந்த அயர்லாந்துக்கார அதிகாரி எய்டன். நல்லவன், மனசாட்சி உள்ளவன், கவிதை படிக்கிறவன். ஆனால் தன் மனசாட்சியைப் பற்றி அவன் ரொம்ப நேரம் பேசுகிறான். ஐஸ் உடைக்கிறவர்கள் அவ்வளவு பேசவில்லை. அவர்கள் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் நேரம் நின்றிருக்கலாம் என்று தோன்றியது.

துப்பறியும் கதை கேட்டீர்கள். சுஜாதாவின் ‘கொலையுதிர் கால’த்தை இத்தனை வருடம் கழித்து மறுபடி படித்தேன். குமுதத்தில் தொடராக வந்தபோது வாரா வாரம் கடையில் யார் முதலில் படிப்பது என்று அடிதடி. பேய்க்கு விஞ்ஞான விளக்கம் சொல்லி, அப்புறம் அந்த விளக்கத்தின் மேலேயே ஒரு சந்தேகத்தைப் போட்டுவிட்டு எழுந்துபோகிற அந்த முடிவு இப்போதும் வேலை செய்கிறது. ஹோலோகிராம் என்ற சொல்லைத் தமிழ்நாட்டில் பாதிப்பேர் முதலில் கேட்டதே இதில்தான் இருக்கும், நான் உள்பட. வேகம், வசனம், கிண்டல் எதற்கும் குறைவில்லை. ஆனால் என் பழைய நோய் விடவில்லை. துப்பறிகிற வக்கீல்கள் கணேஷும் வசந்தும் யாரிடமாவது ஃபீஸ் வாங்கினார்களா? எத்தனை கதை படித்தும் வாங்கியதாக எனக்கு நினைவில்லை. வசந்த் பெண்களைப் பற்றி அடிக்கும் ஜோக்குகளை அன்று கடையில் எல்லோரும் சத்தமாகப் படித்துச் சிரித்தோம். இன்று என் பேத்தி பக்கத்தில் இருந்தபோது புத்தகத்தைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன்.

அதே கையோடு ‘என் இனிய இயந்திரா’. ஆனந்த விகடனில் எண்பதுகளில் தொடராக வந்தபோது 2021 என்பது நாம் பார்க்கப்போகாத காலம். இப்போது அது கடந்து போய்விட்டது. குழந்தை பெற அரசாங்க அனுமதி, எல்லோருக்கும் இரண்டெழுத்துப் பெயர், ஜீவா என்று ஒரு தலைவர், ஜீனோ என்று ஒரு இயந்திர நாய். நிலா, சிபி, ரவி எல்லாம் கொஞ்சம் அட்டை மாதிரிதான். ஜீனோதான் ஆள். அந்த நாய் வருகிற பக்கங்களில் மட்டும் சுஜாதா எழுதவில்லை, விளையாடுகிறார். ஏழாவது படிக்கும் பேரனிடம் கொடுத்தேன். “தாத்தா, இந்த ஜீனோ கூகுள் மாதிரியே பேசுது” என்றான். ஒரே நாளில் முடித்துவிட்டு அடுத்த பாகம் இருக்கிறதா என்று கேட்டான். இருக்கிறது, ‘மீண்டும் ஜீனோ’. அதற்கு மேல் இந்தப் புத்தகத்துக்கு விமர்சனம் எதற்கு?

பூமணியின் ‘வெக்கை’ 1982-ல் வந்தது. ‘அசுரன்’ பார்த்துவிட்டு இதைப் படிக்கிறவர்கள் அதிகம். நானும் அப்படித்தான். படம் அப்பனை முன்னால் நிறுத்தியது, நாவல் அந்தப் பதினைந்து வயதுப் பையன் சிதம்பரத்தின் பின்னாலேயே போகிறது. கொலை முதல் பக்கத்திலேயே நடந்துவிடும். மீதியெல்லாம் அப்பனும் மகனும் காட்டில், பாறையில், கரும்புத் தோட்டத்தில் ஒளிந்து திரிவது. எதைத் தின்பது, எங்கே தண்ணீர், எங்கே தூங்குவது என்பதுதான் கதை. இரண்டு பேரும் சேர்ந்து சமைக்கிற இடங்களில் அவர்களுக்குள் இருக்கும் பிரியம் தெரிகிறது. ஒரு இடத்தில்கூட ஆசிரியர் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. கரிசல் பேச்சு தெரியாதவர்களுக்கு முதலில் தட்டும். எனக்கு விருதுநகர்ப் பக்கம் சொந்தம் இருப்பதால் சிரமமில்லை. ஒரே மூச்சில் முடித்தேன்.

எஸ். ராமகிருஷ்ணனின் ‘சஞ்சாரம்’ நாதஸ்வரக் கலைஞர்களைப் பற்றியது. திருவிழாவுக்கு வாசிக்கப் போன இடத்தில் அவமானப்பட்டு, பக்கிரி பந்தலுக்குத் தீ வைத்துவிட்டு ஓட, அந்த ஓட்டத்தோடு கரிசல் ஊர்க் கதைகள் வந்து ஒட்டிக்கொள்கின்றன. கல்யாண வீட்டில் தாலி கட்டும் நேரம் தவிர நாதஸ்வரத்தை யாரும் காதில் வாங்குவதில்லை என்பது நாம் எல்லோரும் செய்கிற பாவம். அது நன்றாக உறைத்தது. ஆனால் உதிரிக் கதைகள் அளவுக்கு மீறிப் போய்விட்டன. சில அத்தியாயங்களில் பக்கிரியை எங்கே விட்டோம் என்று நான் திரும்பித் தேட வேண்டியிருந்தது. நல்ல புத்தகம்தான், இன்னும் நூறு பக்கம் குறைந்திருந்தால் ரொம்ப நல்ல புத்தகம்.

இனி என்னை உலுக்கிய மூன்று. இரண்டு இமையம் எழுதியவை, ஒன்று கன்னடத்தில் இருந்து வந்தது.

‘கோவேறு கழுதைகள்’ 1994-ல் வந்தது. ஆரோக்கியம் என்ற பெண் தலித் காலனிக்கு வண்ணாத்தி. அவள் வேலையைப் பட்டியல் போட்டால் ஒரு பேரேடே வேண்டும். துணி வெளுப்பது, வீடு வீடாக ராச்சோறு வாங்குவது, பிரசவத்துக்குப் போவது, சாவு வீட்டுக்குப் போவது, களத்து மேட்டில் நெல் தூற்றிக் கொடுத்துவிட்டுத் தன் பங்குக்குக் கையேந்தி நிற்பது. ரொக்கமாக ஒன்றும் இல்லை, எல்லாம் தானியமும் சோறும். நான் கணக்குக்காரன் என்பதால் சொல்கிறேன், சம்பளம் என்று ஒரு தொகை எழுதாமல் ‘பார்த்துக் கொடு’ என்று விடுகிற எந்த ஏற்பாட்டிலும் வாங்குகிறவன்தான் ஏமாறுவான். ஆரோக்கியம் களத்தில் நின்று “சாமி, இன்னும் ஒரு கை” என்கிற மாதிரி கெஞ்சும் இடங்களில் அவள் கேட்பது பிச்சை போலத் தெரியும். அது கூலி. கூலியைப் பிச்சையாகக் கேட்க வைத்திருக்கிறார்கள். கெஞ்சுகிறவளுக்கும் கொடுக்கிறவனுக்கும் அது வித்தியாசமாகத் தெரியவில்லை என்பதுதான் கொடுமை.

இந்த நாவல் வந்தபோது, ஒடுக்கப்பட்டவர்களுக்குள்ளேயே ஒருவரை ஒருவர் ஒடுக்குவதை எழுதலாமா, இது யாருக்கு ஆயுதமாகும் என்று பெரிய சண்டை நடந்தது. அந்தக் கவலை புரிகிறது. ஆனால் ஆரோக்கியத்தின் மூங்கில் கூடையைப் பார்த்த பிறகு, எழுதியிருக்கக் கூடாது என்று என்னால் சொல்ல முடியாது. மொழி விருத்தாசலம் பக்கத்துப் பேச்சு. ஒப்பாரியும் வசவும் பாதிப் புத்தகம். என் மனைவி இருபது பக்கம் படித்துவிட்டு, “இவ பேசிக்கிட்டே இருக்காளே, மூச்சு விடமாட்டாளா” என்றாள். ரெண்டு நாள் கழித்துப் பார்த்தால் எனக்கு முன்னால் அவள் முடித்திருந்தாள்.

‘செல்லாத பணம்’ வேறு மாதிரி. 2020-க்கான சாகித்ய அகாதெமி விருது இதற்குத்தான். படித்த, வசதியான வீட்டுப் பெண் ரேவதி, ஆட்டோ ஓட்டும் ரவியைக் கட்டிக்கொள்கிறாள். பிறகு தீக்காயத்தோடு புதுச்சேரி ஜிப்மருக்கு வருகிறாள். அப்பா தலைமையாசிரியர், அம்மாவும் ஆசிரியை. இரண்டு சம்பளம், வீடு, சேமிப்பு எல்லாம் உண்டு. வார்டு வாசலில் அது எதுவும் செல்லவில்லை. நாவலின் பெரும்பகுதி காத்திருப்பதுதான். உட்கார்வார்கள், எழுந்திருப்பார்கள், டீ குடிப்பார்கள், பழி சொல்வார்கள், அதே பேச்சை மறுபடி பேசுவார்கள். “சொன்னதையே சொல்கிறாரே” என்று பல பேர் குறைப்படுகிறார்கள். நான் என் தம்பிக்காக ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவில் பதினோரு நாள் உட்கார்ந்தவன். அங்கே யாரும் புதிதாக எதுவும் பேசமாட்டார்கள். நேற்றுப் பேசியதையே பேசினால்தான் நேற்று மாதிரி இன்றும் ஓடும். இமையம் அதைக் கேட்டு எழுதியிருக்கிறார்.

என் சங்கடம் ஒன்றே ஒன்று. ரவி யார் என்று கடைசிவரை எனக்கு முழுசாகப் பிடிபடவில்லை. அவனைத் திட்டுகிற குரல்கள் நிறைய. அவன் ஒரு நாளைக்கு எத்தனை சவாரி போனான், ஆட்டோ சொந்தமா வாடகையா, ராத்திரி வீட்டுக்கு என்ன கொண்டு வந்தான் என்று ஒரு பத்துப் பக்கம் அவன் கூட ஆட்டோவில் போயிருந்தால் அந்த வீட்டுக்குள் நடந்தது இன்னும் புரிந்திருக்கும். ஒருவேளை ரேவதி வீட்டாருக்கும் அவன் அப்படிப் பிடிபடாத ஆளாகத்தான் இருந்தான், அதனால்தான் நமக்கும் அப்படி என்று ஒரு நண்பர் சொன்னார். இருக்கலாம்.

மூன்றாவது விவேக் ஷான்பாக் கன்னடத்தில் எழுதிய ‘காச்சர் கோச்சர்’. சின்னப் புத்தகம், ஒரு மதியத்தில் முடிந்துவிடும். பெங்களூரில் ஒரு குடும்பம். அப்பா விற்பனைப் பிரதிநிதியாக அலைந்து சம்பாதித்த காலத்தில் சின்ன வீடு, எறும்புத் தொல்லை, எதை வாங்குவதானாலும் எல்லோரும் கூடிப் பேசுவது. பிறகு சித்தப்பா மசாலாக் கம்பெனி ஆரம்பிக்கிறார். பணம் கொட்டுகிறது. பெரிய வீடு. கதை சொல்கிறவன் அந்த மகன். அவனுக்குக் கம்பெனியில் இயக்குநர் பதவி, மாதா மாதம் வங்கியில் சம்பளம், வேலை மட்டும் கிடையாது. காபி ஹவுஸில் போய் உட்கார்ந்துகொள்வான்.

முதல் முறையாக, சோற்றுக்கு ஒன்றுமே செய்யாத ஒரு ஆளை நான் முழுசாக நம்பினேன். அவன் வேலை செய்யாததே கதையின் அச்சாணி. சம்பாதிக்கிறவர் சித்தப்பா ஒருவர். அதனால் அந்த வீட்டில் அவர் சாப்பிடும் நேரம்தான் நேரம், அவர் தப்பு தப்பில்லை. ஒரு நாள் ஒரு பெண் அவரைத் தேடி, அவருக்குப் பிடித்த மைசூர்ப் பருப்புக் குழம்பைப் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருகிறாள். உள்ளே இருக்கும் பெண்கள் அவளை விரட்டுகிற விரட்டு இருக்கிறதே! சத்தம் போடாத, மரியாதையான, நம் வீடுகளைப் போன்ற வீடு அது. சித்தப்பாவோ உள்ளேயே இருக்கிறார். புதிதாக வந்த மருமகள் அனிதா மட்டும் இது என்ன அநியாயம் என்று கேட்கிறாள். கேட்டவள் கதி என்ன ஆயிற்று என்பதை ஆசிரியர் சொல்லவே இல்லை. கடைசிப் பக்கத்தை மூன்று தடவை படித்தேன். மூன்றாவது தடவை எனக்குக் கை சில்லிட்டது.

இரும்புக் கடையில் நான் பார்த்த குடும்பங்கள் ஞாபகம் வந்தன. பங்காளிகள் ஐந்து பேர், உழைப்பது ஒருவர், ஐந்தொகையில் கையெழுத்துப் போட மற்ற நாலு பேரும் வருடம் ஒரு தடவை வருவார்கள். நான்தான் விரலை வைத்துக் காட்டுவேன், இங்கே, இங்கே, இங்கே என்று. அவர்கள் வீட்டுக்குள் என்ன நடந்தது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

தமிழில் கே. நல்லதம்பி மொழிபெயர்த்திருக்கிறார். மொழிபெயர்ப்பு என்ற நினைப்பே வராமல் ஓடுகிறது. கன்னடத்தில் இருந்து நேராக வருவதில் இந்த வசதி உண்டு. உறவுமுறைச் சொல், சமையல் சொல், ஜாடைப் பேச்சு எதற்கும் திண்டாட வேண்டியதில்லை.

கடைசியாக ஒன்றும் கேட்டிருந்தீர்கள், கல்லூரி போகும் மகளுக்கு இதில் எதைக் கொடுக்கலாம் என்று. முதலில் ‘காச்சர் கோச்சர்’, பிறகு ‘வெக்கை’. ‘புயலிலே ஒரு தோணி’க்கு அவளுக்குக் கொஞ்சம் வயது ஆகட்டும் என்று நான் சொல்லமாட்டேன், கேட்டால் உடனே கொடுத்துவிடுங்கள். ‘செல்லாத பண’த்தை மட்டும் நீங்கள் முதலில் படித்துவிட்டு, அவள் மனநிலை பார்த்துக் கொடுங்கள்.

பாதியில் நிற்கிற பதினொன்றாவது, ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’. தூத்துக்குடி உப்பளம். அந்தந்த மக்களின் ஊருக்கே போய்த் தங்கிப் பார்த்து எழுதியவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் அது தெரிகிறது. பாத்தியில் உப்பு வாருகிறவர்களுக்கு வெயிலின் கூச்சத்தில் கண் போவதைப் படித்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்தேன். அறுவைக்குப் பிறகு வெயிலில் போனால் போட்டுக்கொள் என்று எனக்குக் கறுப்புக் கண்ணாடி கொடுத்திருக்கிறார்கள். அது மேசையில்தான் இருந்தது. நாளைக்கு மறுபடி எடுக்க வேண்டும்.